இன்னாசி சொன்ன ரேட்டு

முன்னங்கால் இரண்டு, பிறகு பின்னங்கால் இரண்டு. இன்னாசி குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாயின் ஒவ்வொரு பாதத்தையும் தூக்கி, விரல்களை விரித்து, இடுக்குகளுக்குள் பார்க்கிறார். முள் இருந்தால் நகத்தால் எடுக்கிறார். உண்ணி இருந்தால் பிடுங்கித் தீப்பெட்டிக்குள் போடுகிறார். சட்டைப் பையில் இருக்கும் அந்தத் தீப்பெட்டியில் குச்சி கிடையாது, உண்ணி மட்டும்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அதை அப்படியே அடுப்பில் போட்டுவிடுவார். புறப்படும் முன் ஒரு முறை இப்படிப் பார்ப்பார். திரும்பி வந்த பின் இன்னொரு முறை. வீட்டுக்காரர் யாராவது அவசரப்படுத்தினால் தலையைத் தூக்காமல் பதில் வரும். “நடக்கப் போறது அதோட காலு சார். உங்க காலு இல்ல.”

சின்னமனூரில் சம்பளம் வாங்கிக்கொண்டு பிறத்தியார் வீட்டு நாய்களை நடத்திச் செல்லும் ஒரே ஆள் இவர். வயது ஐம்பத்தாறு. பெற்றோர் இராயப்பன்பட்டியிலிருந்து மேகமலை எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போனவர்கள். இவர் அங்கே மேனேஜர் பங்களாவில் இருபத்திரண்டு வருடம் நாய்களைப் பார்த்துக்கொண்டார். புதிதாக வந்த மேனேஜருக்கு நாய் பிடிக்கவில்லை. நாய்களோடு சேர்த்து இவரையும் கீழே அனுப்பிவிட்டார்கள். இப்போது மார்க்கெட்டுக்குப் பின்னால் வாடகை வீடு. மனைவி இருதயம்மாள் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார்.

எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுப் பொத்தானும் போட்டிருப்பார். உள்ளே தழும்புகள். மொத்தம் பதினோரு கடி. அதில் இரண்டு, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலத்துக் கடிகள். எண்ணிக்கையைச் சொல்லும்போது குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. “அதுல ஒண்ணுகூட நாய் மேல தப்பில்ல. எட்டு, வீட்டுக்காரக மேல. மூணு, என் மேல.”

பங்களாவில் பழகியதால் நாய்களுக்கு ஆங்கிலத்தில்தான் உத்தரவு கொடுப்பார். சிட், கம், ஸ்டே. திட்டுவது மட்டும் தமிழில். எங்கள் வீட்டு நாய்க்கு உத்தரவும் தமிழில்தான். காரணம் கேட்டேன். “அது கோம்பை நாயி தம்பி. இங்கன இருக்க ஊருக்காரன். இங்கிலீசு பேசுனா நம்மளப் பாத்துச் சிரிப்பான்.”

டீக்கடைப் பெஞ்சில் தினம் ஒருவன் வாயைத் திறப்பான். “என்ன இன்னாசி, நீ நாயக் கூட்டிட்டுப் போறியா, நாய் ஒன்னயக் கூட்டிட்டுப் போகுதா?” இன்னாசி நடையை நிறுத்த மாட்டார். “ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்யா சம்பளம். ஒன்னய இப்படி ஒக்கார வச்சிருக்கதுக்கு எவன் குடுக்கிறான்?”

சங்கிலியைத் தொட மாட்டார். பருத்திக் கயிறுதான், விரல் தடிமனில், அவரே முறுக்கியது. அதைப் பிடிக்கும் விதத்தை முதலில் பார்ப்பவருக்கு, இந்த ஆளுக்கு வேலை தெரியாது என்றுதான் தோன்றும். கயிறு உள்ளங்கையில் குறுக்கே கிடக்கும். நான்கு விரல்கள் மடங்கியிருக்கும், கட்டைவிரல் மேலே. அவ்வளவுதான். மணிக்கட்டில் ஒரு சுற்றுகூட இருக்காது. நாய் நிஜமாகவே பாய்ந்தால் கையைத் திறந்துவிடுவார். பிறகு பின்னாலேயே ஓடிப் பிடிப்பார். ஐம்பத்தாறு வயதில் ஓடுவார். “சுத்திப் பிடிச்சா நாம நாயப் பிடிச்சிருக்கோம்னு நெனப்போம் தம்பி. அது நம்மளப் பிடிச்சிருக்கும்.”

இதை அவர் என்னிடம் சொன்னது 2009 மார்ச்சில். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

புது வீட்டுக்கு ரேட்டுப் பேசும் முறையும் வேறு மாதிரி. நாய் என்ன ஜாதி, என்ன வயது, கடிக்குமா என்று எதுவும் கேட்க மாட்டார். வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்காரரிடம், “நீங்க ஒரு நடை நடத்திட்டு வாங்க” என்பார். வீட்டுக்காரர் தன் நாயைத் தெருமுனை வரை நடத்திக்கொண்டு போய்த் திரும்பி வர வேண்டும். இவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார். பார்த்து முடித்ததும் ஒரு தொகையைச் சொல்வார். ஏன் அந்தத் தொகை என்பதற்கு விளக்கம் வராது.

அந்த நாட்களில் அவர் வாங்கிய தொகைகள் எனக்குத் தெரியும். அரிசி மில் பாண்டீஸ்வரனின் அல்சேஷன் முப்பத்தாறு கிலோ. அதற்கு மாதம் முந்நூற்றைம்பது. டாக்டர் சொர்ணலதா வீட்டுப் பொமரேனியன் நான்கு கிலோ. அதற்கு மாதம் எழுநூறு. இரண்டுக்கும் ஒரே அளவு நேரம், ஒரே தூரம், காலையும் மாலையும்.

எனக்கு வேலை கோயம்புத்தூரில், ஒரு பம்ப் கம்பெனியின் கொள்முதல் பிரிவில். சப்ளையர்கள் அனுப்பும் விலைப்புள்ளிகளைப் பிரித்துப் படிப்பது என் தொழில். பொருளுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, போக்குவரத்துக்கு இவ்வளவு என்று வரிவரியாகப் பிரிப்பேன். எந்த வரி தேவையில்லை என்று கண்டுபிடித்து அடிப்பேன். பதினான்கு வருடம் இதைத்தான் செய்தேன். நன்றாகச் செய்தேன். நான்கு கிலோ நாய்க்கு எழுநூறு, முப்பத்தாறு கிலோவுக்கு முந்நூற்றைம்பது. இதில் எந்தச் சூத்திரமும் இல்லை என்று முடிவு செய்தேன். வாய்க்கு வந்ததைக் கேட்கிற ஆள் என்று நினைத்தேன்.

என் அப்பா முத்துக்கருப்பன் மேகமலையில் டீமேக்கராக, ஃபாக்டரிப் பொறுப்பில் இருந்தவர். தேயிலை ஃபாக்டரி முழுவதும் அவர் குரலுக்கு நடுங்கியது என்று சொல்வார்கள். ஓய்வு பெற்று, அம்மாவும் போன பிறகு, சின்னமனூர் வீட்டில் தனியாக இருந்தார். எழுபது வயதில் கோம்பையிலிருந்து ஒரு குட்டியை வாங்கி வந்தார். செம்பழுப்பு உடல், கறுத்த முகவாய். அது ஒரே வருடத்தில் இருபத்தாறு கிலோ ஆனது. அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்களை அதட்டி வேலை வாங்குகிறவருக்கு அந்தப் பெயர்.

அந்தப் பெயர் இன்னாசிக்கு மிகவும் பிடித்திருந்தது. அப்பாவின் முன்னாலேயே சொல்வாராம். “மேல எஸ்டேட்டுல எங்கப்பன கங்காணி ஓட ஓட வெரட்டுனான். இப்ப கங்காணி கழுத்துல கயித்தக் கட்டி, ஒண்ணுக்கிருக்க நான் கூட்டிட்டுப் போறேன்.” அப்பா இதைப் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இன்னாசியை ஏற்பாடு செய்தவன் நான். 2008 ஜூலையில் அப்பா, நாய் இழுத்துத் தோள் வலிக்கிறது என்று போனில் ஒரு வார்த்தை சொன்னார். அப்பா வலி என்று சொல்கிற ஆள் இல்லை. நான் ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினேன். இன்னாசி போய்ப் பார்த்தார். அப்பாவையும் ஒரு நடை நடத்திக்கொண்டு வரச் சொன்னார். அன்று சாயங்காலம் ஒரு ரூபாய்க் காயின் போனிலிருந்து எனக்குப் பேசினார். அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையும் எனக்கு மறக்கவில்லை.

“தம்பி, இன்னாசி பேசுறேன். அய்யா வீட்டு நாயப் பாத்துட்டேன்.”

“சொல்லுங்கண்ணே. எவ்வளவு ஆகும்?”

“காலையில, சாயந்தரம், ரெண்டு நேரம். மாசம் எண்ணூறு.”

“எண்ணூறா? மில்லுக்காரர்கிட்ட முந்நூத்தம்பதுதான வாங்குறீக?”

“ஆமா தம்பி.”

“அது அல்சேஷன். இது அதுல முக்காவாசி எடைதான் இருக்கும்.”

“ஆமா.”

“அப்பறம் எதுக்கு எண்ணூறு?”

இன்னொரு காசு விழும் சத்தம் கேட்டது. “அய்யாவுக்கு எண்ணூறு ஆகும் தம்பி.”

“காலையில மட்டும் வாங்கண்ணே. நானூறு தாரேன். சாயந்தரம் அப்பாவே பாத்துக்கிருவாரு. அவருக்கும் நடந்த மாதிரி இருக்கும்.”

பின்னால் கம்பம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் மட்டும் வந்தது.

“ரெண்டு நேரமும் நான் வந்துர்றேன் தம்பி. வேணும்னா எழுநூறு குடுங்க.”

இந்த இடத்தில்தான் என் பதினான்கு வருட அனுபவம் வேலை செய்தது. முதல் தள்ளலிலேயே நூறு ரூபாயை விடுகிற சப்ளையர், முதலில் சொன்ன விலையில் கொழுப்பு வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பிடியை விடக் கூடாது. விடவில்லை.

“நானூறு. காலையில மட்டும்.”

“சரி தம்பி.”

சரிபாதி குறைத்தேன். மறுநாள் கேண்டீனில் பக்கத்தில் சாப்பிட்டவரிடம் இதைச் சொன்னேன். இருவரும் சிரித்தோம். நாய் நடப்பதற்கு எண்ணூறு ரூபாயாம்.

ஏழு மாதம் இன்னாசி காலை ஆறு மணிக்கு வந்து போனார். மாலையில் அப்பா போனார்.

2009 பிப்ரவரி, ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்தே முக்கால். வாய்க்கால் ரோட்டில் கீரி ஒன்று குறுக்கே ஓடியது. கங்காணி பாய்ந்தது. அப்பா மடைக்கல்லில் விழுந்தார். தலையில் அடி. கயிறு மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றியிருந்ததால் நாயாலும் போக முடியவில்லை. அது அவரை விட்டு நகராமல் நின்றது. யாரையும் கிட்டே விடவில்லை. களையெடுத்துத் திரும்பிய பெண்கள் தள்ளி நின்று கத்தினார்கள். கம்போடு வந்த ஆண்களைப் பார்த்ததும் அது இன்னும் மோசமானது. கடைசியில் யாரோ ஒருவர் டாக்டர் வீட்டுத் தெருவுக்கு ஓடி, பொமரேனியனோடு நடந்துகொண்டிருந்த இன்னாசியைக் கூட்டி வந்தார். அதற்குள் நாற்பது நிமிடம் போயிருந்தது. அவர், “டேய் கங்காணி, உக்காரு” என்றாராம். உட்கார்ந்ததாம். கயிற்றை அவிழ்த்தது அவர்தான். சதைக்குள் இறங்கியிருந்ததால் அவிழ்க்கவே நேரமானது. தேனிக்குக் கொண்டுபோகும் வழியில், வீரபாண்டி தாண்டும்போது அப்பா இல்லை.

நான் வந்து பார்த்தபோது அவர் மணிக்கட்டில் மூன்று கோடுகள் இருந்தன. அளந்தது போல, சம இடைவெளியில்.

எடுத்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தேன். துக்கம் கேட்க வந்த சனம் பந்தலில் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னாசி யாரையும் மிதிக்காமல் நடந்து, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டியிருந்த நாயிடம் போனார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முன்னங்கால் இரண்டு, பின்னங்கால் இரண்டு.

என் சித்தப்பா மொக்கைச்சாமி எழுந்து வந்துவிட்டார். “ஏலே இன்னாசி, எழவு வீட்டுல நாய நடத்தவா வந்த? காசு ஒனக்கு ஒரு கேடா?”

“நாய்க்கு ஒண்ணுக்கு வரும்ல அய்யா” என்றார் இன்னாசி.

சித்தப்பாவின் கோபம் என் பக்கம் திரும்பியது. “ஆளக் கொன்ன நாயி. கிட்டப் போன சனத்தயும் விடாம எங்கண்ணன சாகடிச்ச நாயி. பதினாறு முடியட்டும். தோட்டத்துல ஒரு ஆளு இருக்கான். வரச்சொல்லி முடிச்சு விட்ருவோம். அதுக்கும் ஒரு நடத்துறவன், அதுக்கும் ஒரு சம்பளம். த்தூ.”

எனக்கும் அந்த நாயைப் பிடிக்கவில்லை. அதைவிட, கயிற்றை உள்ளங்கையில் தளர்வாகப் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கேட்டைத் தாண்டிப் போன மனிதரைப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலமும் வந்தார். நானூறு ரூபாய்க்குச் சாயங்காலம் கிடையாது. வந்தார். பதினாறு வரை தினமும், இரண்டு நேரமும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன முள், எத்தனை உண்ணி, எத்தனை மணிக்குத் திரும்பினார் எல்லாம் கவனித்தேன். வேலையில் ஒரு குறை கிடைத்தால் போதும் என்று இருந்தது. கிடைக்கவில்லை.

ஒரு நாள் பின்னாலேயே போய்க் கவனித்ததில் இன்னொன்று கண்ணில் பட்டது. டாக்டர் வீட்டு வாசலில் அவர் நாயை வாங்கும்போது, டாக்டர் சொர்ணலதா கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். படி இறங்கவில்லை. இன்னாசி மேலே ஏறிப் போய் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். மில் வீட்டில் பாண்டீஸ்வரன் தானே நாயோடு தெருவுக்கு வந்து, இரண்டு வார்த்தை பேசி, கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பார்த்தேன். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பதினைந்தாம் நாள் மாலை அவரோடு நடந்தேன். வாய்க்கால் ரோட்டில் மடைக்கல் வந்ததும் நாய் நின்றது. முகர்ந்தது. இன்னாசி அவசரப்படுத்தவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

“அன்னைக்கு எங்கப்பா நடந்தத வாசல்ல நின்னு பாத்தீகல்ல?”

“பாத்தேன் தம்பி.”

“என்ன பாத்தீக?”

“அய்யாவுக்கு எடது காலு தரையத் தேச்சுச்சு. முக்குல திரும்பயில நாய்தான் திருப்புச்சு, அய்யா திரும்பல. கயித்த மூணு சுத்து சுத்தியிருந்தாக.”

“அவ்வளவும் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்த சொல்லலையே நீங்க!” கத்திவிட்டேன். வயலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னாசி நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சொன்னேனே தம்பி.”

“எப்பச் சொன்னீக? எப்ப?”

“எண்ணூறுன்னு சொன்னேன்ல.”

அடித்துவிடலாம் போலத்தான் இருந்தது. கை வரவில்லை. அவர் முகத்தில் குத்திக்காட்டுகிற பாவனை கொஞ்சமும் இல்லை. பாதத்து முள்ளைக் காட்டுகிற மாதிரி சொன்னார்.

“மில்லுக்காரரு நல்லா நடக்காக. எனக்குக் காய்ச்சல்னா நாலு நாளு அவுகளே கூட்டிட்டுப் போயிருவாக. அங்கன நான் போகலாம், போகாம இருக்கலாம். அதான் முந்நூத்தம்பது. டாக்டரம்மாவுக்கு மூட்டு போயிருச்சு. நான் வரலைன்னா அந்தம்மா நாயோட படியில இறங்கும். இறங்குனா விழும். அப்ப எனக்கு லீவே கெடையாது தம்பி. எங்க ஊரு கோயில் திருநாளுக்கு நான் போயி ஆறு வருசமாச்சு. எம் மக கல்யாணத்தன்னைக்குச் சாயந்தரம் அந்தக் குட்டி நாய நடத்திட்டுத்தான் பந்திக்குப் போனேன். எம் பொண்டாட்டி இன்னும் அதச் சொல்லி ஏசுறா. அந்தக் காசு அதுக்குத்தான். நாய் நடக்க என்ன காசு? அது பாட்டுக்கு நடக்கும்.”

எங்கள் கம்பெனியில் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. வருடத்தில் இருநூறு மணி நேரம்கூட ஓடாது. அதன் பராமரிப்புக்கு ஒரு ஒப்பந்தக்காரருக்கு மாதாமாதம் முழுத் தொகை கொடுக்கிறோம். ஓடாத நேரத்துக்கு ஏன் காசு என்று எந்த மடையனும் கேட்பதில்லை. கரண்ட் போகிற நிமிடத்தில் அது ஓடியே ஆக வேண்டும், அதற்குத்தான் காசு. அந்த ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வருடமும் கையெழுத்துப் போடுகிறவன் நான். அந்த ஒரு வரியை மட்டும் அடித்ததே இல்லை.

“வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம்ல?” என்றேன். சத்தம் குறைந்திருந்தது, கோபம் குறையவில்லை. “உங்க அப்பா கீழ விழுந்திருவாருன்னு நாலு வார்த்த. ஒரு ரூவாக் காசு போதுமே.”

“எப்படித் தம்பி சொல்ல? மேல எத்தன பேர அதட்டுன ஆளு. அன்னைக்குத் திரும்பி வந்து கேட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னாக. மூச்சு வாங்குச்சு. ‘மகன்கிட்ட ஒண்ணும் சொல்லிராத இன்னாசி’ன்னாக. சரிங்கய்யான்னுட்டேன். பேச மாட்டேன்னுட்டேன். ரேட்டச் சொல்லலாம்ல? அதச் சொன்னேன்.”

“எழுநூறுக்கு இறங்குனீகளே. அதுக்கும் கீழ கேட்டிருந்தா?”

“அறுநூறுன்னாலும் வந்திருப்பேன். ஐநூறுன்னாலும் வந்திருப்பேன். நீங்க காசக் கொறைக்கலையே தம்பி. சாயந்தரத்தயில்ல கொறைச்சீக.”

“சும்மாவாவது வந்திருக்கலாம்ல?” கேட்கும்போதே அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது. கேட்டுவிட்டேன்.

“ரெண்டு நாளு வந்தேன். ‘எம் மகன் காலைக்குத்தான் பேசியிருக்கான். காசு இல்லாம எவன்கிட்டயும் நான் வேல வாங்கினதில்ல, போ’ன்னு அனுப்பிட்டாக. மூணா நாளு கேட்டப் பூட்டிட்டாக.” பிறகு நாயிடம், “போதும்டா, வா” என்றார். அது மடைக்கல்லை விட்டு வந்தது.

வீடு வரும் வரை அவர் மீது இருந்த கோபத்தை வைக்க வேறு இடம் தேடினேன். நாய் மீது வைக்க முடியவில்லை. அப்பா மீது வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. கடைசியில் அந்தக் கோபம் திரும்பி வந்து உட்கார்ந்த இடத்தைச் சொல்லத் தேவையில்லை. மிச்சம் பிடித்தது மாதம் நானூறு. ஏழு மாதத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. அந்த ஏழு மாதத்தில் எங்கள் கேண்டீனில் இரண்டு பேருக்கு டீயும் வடையும் அதைவிடக் கூட ஆகியிருக்கும்.

மறுநாள் காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். நான்கு மணிக்குச் சித்தப்பாவின் ஆள் கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்தினான். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு சாக்கு கிடந்தது.

“இருங்க சித்தப்பா. நாய நான் கோயம்புத்தூருக்குக் கொண்டுட்டுப் போறேன்” என்றேன்.

“ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அப்பன இழுத்துத் தள்ளுனது பத்தாதா?”

“நாய் தள்ளல.”

“பெறகு யாருலே தள்ளுனா?”

பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். பைக்கில் வந்தவன் சாக்கை மடித்துக்கொண்டு கிளம்பினான்.

இன்னாசி வழக்கமான நேரத்துக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். வாடகைக் கார் சொல்லியிருக்கிறேன், நாய்க்குப் பின் சீட்டு, அங்கே எங்கள் குடியிருப்பில் பெரிய மைதானம் இருக்கிறது, காலையும் மாலையும் நானே நடத்துவேன். எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நான்கு பாதங்களையும் பார்த்து முடித்தார். தீப்பெட்டியை மூடிப் பையில் போட்டார். எழுந்து, கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“அப்ப, நீங்க ஒரு நடை நடத்திட்டு வாங்க தம்பி.”

கயிற்றை வாங்கினேன். தெருவில் இறங்கினேன். வேகமாக நடக்க வேண்டும் என்று நினைத்தேன். நேராக நடக்க வேண்டும். இடது காலை நன்றாகத் தூக்கி வைத்தேன், அதற்கு ஒன்றுமில்லை என்றாலும். முக்கில் நாய் வாய்க்கால் ரோட்டுப் பக்கம் இழுத்தது. தோள் வரை அந்த இழுப்பு வந்தது. இருபத்தாறு கிலோ என்று நான் போனில் கணக்குப் போட்டது இதுதான். பல்லைக் கடித்து இழுத்துத் திருப்பினேன். திரும்பி வரும் வழி முழுவதும் கேட்டில் நின்ற ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

வந்து நின்றேன். மூச்சு வாங்கியது.

“எனக்கு என்ன ரேட்டுண்ணே?” என்றேன்.

இன்னாசி என் வலது கையைப் பிடித்துத் தூக்கினார். மணிக்கட்டில் கயிறு சுற்றியிருந்தது. எப்போது சுற்றினேன் என்று தெரியவில்லை. அவர் ஒரு சுற்றைப் பிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். மூன்றாவதையும் பிரித்தார். கயிற்றை என் உள்ளங்கையில் குறுக்கே வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.